மருந்து லோடு

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தபோது வேல்விழியின் கண்ணில் முதலில் பட்டது ஒரு செத்த பல்லி. ரோஸ் நிறத்தில் கொழகொழவென்று நின்ற திரவத்தின் மேல் அது மல்லாந்து கிடந்தது. வயிறு உப்பி வெளுத்திருந்தது. விளிம்பைச் சுற்றி எறும்புகள் அடை அடையாக ஒட்டியிருந்தன. ஷெட் முழுக்க மிட்டாய் வாடை. அந்த வாடைக்கு அடியில் மண்ணெண்ணெயும் அழுகலும் சேர்ந்த மாதிரி இன்னொரு நெடி வந்து தொண்டையில் ஒட்டியது.

"என்னம்மா இது?" என்றார் டி.எஸ்.பி. தனுஷ்கோடி. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

வேல்விழி பக்கத்து மேசையில் அடுக்கியிருந்த குப்பிகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். லேபிளில் சிரிக்கும் குழந்தையின் படம். ஊரறிந்த ஒரு கம்பெனியின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றியிருந்தார்கள்.

"பிள்ளைகளுக்குக் குடுக்கிற காய்ச்சல் மருந்து சார். சிரப்பு."

"வெடிமருந்து எங்கம்மா?"

"இல்ல சார். அத்தனை ரூமும் பாத்தாச்சு. எல்லாத்துலயும் இதுதான் இருக்கு."

தனுஷ்கோடியின் முகம் சுருங்கியது. அருவருப்பில்தான் என்று அவள் நினைத்தாள். அது ஏமாற்றம் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

வேல்விழி அந்தச் சரகக் காவல் நிலையத்தின் எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் மருத்துவ விடுப்பில் இருந்ததால் ஸ்டேஷன் அவள் பொறுப்பில் இருந்தது. திட்டமிட்ட குற்றங்களை ஒடுக்குவதற்கென்று அமைத்த கூட்டுக் குழுவில் உள்ளூர் ஆளாக அவளையும் சேர்த்திருந்தார்கள். சென்னையின் சிறப்புப் பிரிவு ஒன்றும், டெல்லியின் மத்திய அமைப்பு ஒன்றும், பக்கத்து மாநிலப் போலீஸும் சேர்ந்த குழு அது. தலைவர் தனுஷ்கோடி. மலைகளை வெடி வைத்துத் தகர்க்கும் கள்ளக் குவாரிகளுக்குச் சிவகாசிப் பக்கமிருந்து வெடிபொருள் போகிறது என்று அவர்களுக்குத் தகவல். பல மாதங்களாக, போலிப் பெயரில் இருந்த ஒரு போனை ஒட்டுக்கேட்டு வந்தார்கள்.

விருதுநகரில் நடந்த கூட்டத்தில் முந்திரித் தட்டுகளுக்கு நடுவே அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். "மருந்து ரெடி ஆயிருச்சு." "லேபிள் ஒட்டி முடிஞ்சது." "மருந்து லோடு ஏத்தியாச்சு." ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் மறுமுனைக் குரல் லேசாக இருமிவிட்டு, இழுவையாக, "ரைட்டு ரைட்டு, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தது. சிவகாசியில் மருந்து என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான், வெடிமருந்து. வேல்விழியும் மற்றவர்களைப் போலத் தலையாட்டினாள். லோடு ஏறிய வண்டிகளை ஏன் மறிக்கவில்லை என்று அவள் கேட்டபோது, "விட்டுப் பிடிக்கிறோம். வாங்குறவன் யாருன்னு தெரியணும்ல" என்றார் தனுஷ்கோடி. டெல்லி அதிகாரி அதைக் கேட்டுப் புன்னகைத்தார்.

அப்படி விட்டுப் பிடித்ததில் கடைசியாகக் கிடைத்த இடம்தான் இது. ஆனைக்குட்டம் அணையைத் தாண்டி, உடைமரக் காட்டுக்குள், லைசென்ஸ் ரத்தாகிப் பூட்டிக் கிடந்த ஒரு பழைய பட்டாசு ஆலை.

காலையில் வேனில் வந்து இறங்கிய பெண்கள் பதினைந்து இருபது பேரை வெளியே புங்கமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் விரல்கள் ரோஸ் நிறத்தில் கறை பிடித்திருந்தன. தப்பி ஓடப் பார்த்த சூப்பர்வைசரை ஏட்டு முனியசாமி கருவேலம் புதருக்குள்ளிருந்து இழுத்து வந்து தனியே நிறுத்தியிருந்தார்.

வேல்விழி பெண்களிடம் போனாள். பாண்டிலட்சுமி என்ற இளம்பெண் மட்டும் நிமிர்ந்து பேசினாள்.

"நாங்க என்னம்மா தப்புப் பண்ணுனோம்? பட்டாசுக் கம்பெனிய மூடிட்டாக. சீசன் வேலையும் இல்ல. மருந்துக் கம்பெனின்னு கூப்புட்டாக, வந்தோம். இங்கன வெடிக்கிற பயம் இல்லைல."

"இது நல்ல மருந்தான்னு யாரும் கேக்கலையாத்தா?"

"லேபிள் ஒட்டுறோம். பேரு போட்டிருக்கு, கம்பெனி போட்டிருக்கு. அப்புறம் என்னம்மா கேக்க? கோணலா ஒட்டுனத எல்லாம் எங்களுக்கே குடுத்துருவாரு சூப்பர்வைசரு. ஆளுக்கு நாலு அஞ்சு வீட்டுக்குக் கொண்டு போவோம்."

வேல்விழி அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "வீட்டுல யாருக்கும் குடுத்தீகளா?"

"எம் மகளுக்குத்தான். மூணு வயசு. காய்ச்சல்னு மூணு நாளா ஊத்துறேன். காய்ச்சல் விட்டிருச்சு. ஆனா..." அவள் நிறுத்தினாள். தன் பேச்சு போகும் இடம் அவளுக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. "நேத்திலருந்து ஒண்ணுக்கே போகலம்மா. மூஞ்சி உப்பிக் கெடக்கு. வேலைக்கு வராட்டி வேன்ல எடம் போயிரும்னு பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

இதற்குள் மருந்து ஆய்வாளர் காலேப் வந்து சேர்ந்தார். டிரம்களுக்குப் பின்னாலிருந்த வெள்ளை கேன்களைப் புரட்டிப் பார்த்தவருக்கு, கையைப் பேன்ட்டில் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

"மேடம், இது கிளைகால் வகை. அச்சு மையில கலப்பாங்க. இனிப்பா இருக்கும். இத உள்ளுக்குக் குடுத்தா கொளந்தைகளுக்குக் கிட்னி போயிரும். செத்துப் போவாங்க."

"நிச்சயமா?"

"கேன்ல எழுதியிருக்கு மேடம். லேப் ரிப்போர்ட் வரட்டும். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல."

வேல்விழி அவரையும் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடியிடம் போனாள். வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். காலேப் சொன்னதையும் பாண்டிலட்சுமி சொன்னதையும் அவள் சொன்னாள்.

டெல்லி அதிகாரி, தங்கள் அமைப்புக்கு வெடிபொருள் மட்டுமே வேலை, இது தங்கள் உத்தரவில் இல்லை என்றார். பக்கத்து மாநில அதிகாரி, தங்கள் மாநிலத்தில் இப்படி ஒரு வழக்கே பதிவாகவில்லையே, எந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுவது என்றார். தனுஷ்கோடி காலேப்பைப் பார்த்து, "அப்ப இது உங்க டிபார்ட்மென்ட்தான். நீங்களே பாத்துக்கங்க" என்றார். காலேப், தன்னிடம் ஒரு உதவியாளரைத் தவிர யாரும் இல்லை, போலீஸ் வழக்குப் போட்டால்தான் ஆட்களைப் பிடிக்க முடியும் என்று இழுத்தார்.

"சார், வண்டி வண்டியா வெளியூருக்குப் போயிருக்கு. இப்பவே எல்லா மாவட்டத்துக்கும் வயர்லெஸ்ல சொல்லணும் சார்" என்றாள் வேல்விழி.

"என்னன்னு சொல்ல? நாங்க மாசக்கணக்கா காதுல கேட்டுக்கிட்டே இருந்தோம், வண்டி போறதையும் பாத்துக்கிட்டு இருந்தோம்னா? யோசிச்சுப் பேசும்மா."

அவள் யோசித்தாள். இந்த மாதங்களில் இவர்கள் கண்ணெதிரே போன வண்டிகளை நினைத்தாள். பின்னால் காரில் தொடர்ந்து போய், டீக்கடையில் நின்று, புகைப்படம் எடுத்து, கோப்பில் வைத்திருந்தார்கள். வாயில் எச்சில் ஊறியது. துப்ப வேண்டும்போல் இருந்தது.

அப்போது வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. சோலைச்சாமி இறங்கினார். பெரிய ஆப்செட் அச்சகத்தின் முதலாளி. வருஷா வருஷம் மாவட்டத்துக் காவல் நிலையங்களுக்கெல்லாம் சாமி படக் காலண்டர் அனுப்புபவர். இந்த ஆலை நிலமும் அவருடையதுதான். பின்னால் ஒரு ஆள் இளநீர்க் குலையைச் சுமந்து வந்தான்.

"வெயில்ல கெடந்து கஷ்டப்படுறீக. மொதல்ல குடிங்க, அப்புறம் பேசுவோம்" என்று கும்பிட்டார். "நான் எடத்த வாடகைக்கு விட்டவன் சார். உள்ள என்ன செய்றாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எவனோ வடக்கத்தி பார்ட்டி. அட்ரஸ் தேடித் தாரேன். என்ன ஒத்துழைப்பு வேணும்னாலும் சொல்லுங்க."

"லேபிள் எங்க அடிச்சது?" என்று கேட்டாள் வேல்விழி.

"தங்கச்சி, சிவகாசியில எத்தன பிரஸ் இருக்கு? ஆர்டர் குடுத்தா எவன் வேணாலும் அடிப்பான்." அவர் லேசாக இருமிவிட்டுத் தனுஷ்கோடி பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஸ்டேட்மென்ட் குடுக்க நானே வந்துருதேன் சார். ரைட்டு ரைட்டு, அம்புட்டுத்தான்."

வேல்விழி சட்டென்று தனுஷ்கோடியைப் பார்த்தாள். அந்தக் குரலை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார். டெல்லிக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அந்த இழுவையும் இருமலும் தெரியாமல் இருக்காது. தனுஷ்கோடி இளநீரில் ஸ்ட்ராவைச் செருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மற்றவர்களும் குடித்தார்கள். உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அவளுக்கும் ஒன்றை நீட்டினார் சோலைச்சாமி. "குடி தங்கச்சி."

"வேண்டாம்."

அவள் விறுவிறுவென்று நடந்தாள். முனியசாமியிடம், ஷெட்டை விட்டு நகரக்கூடாது, ஒரு குப்பியும் வெளியே போகக்கூடாது, சூப்பர்வைசரை யாரிடமும் தனியாகப் பேச விடக்கூடாது என்று சொன்னாள். பாண்டிலட்சுமியை ஜீப்பில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு அவள் ஊரான நாரணாபுரத்துக்குப் போனாள். வழி நெடுக அந்தப் பெண் சேலைத் தலைப்பால் விரல்களைத் தேய்த்தபடியே வந்தாள். கறை போகவில்லை.

குழந்தை யோகஸ்ரீ பக்கத்து வீட்டுப் பாயில் கிடந்தாள். இமைகள் வீங்கிக் கண் மூடியிருந்தது. கூப்பிட்டதற்கு முனகினாள். தலைமாட்டில் அதே குப்பி, பாதி காலியாக. அந்த வீட்டுக்காரி அப்போதுதான் இன்னொரு மூடி ஊற்றியிருந்தாள், நல்லெண்ணத்தில்தான்.

தகவல் கேட்டு, கிராம செவிலியர் ஜெஸ்லின் ஓடி வந்து குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, விருதுநகர் ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் பேசினாள். வண்டி வந்து தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மேடம், இது ஊரு பூரா இருக்கு. காய்ச்சல்னு எங்கிட்ட மாத்திரை வாங்க வர்றதே கொறஞ்சு போச்சு. வெளிய வாங்குறாங்க போலன்னு நெனச்சேன்."

"எல்லாத்தையும் இப்பவே வாங்கணும் சிஸ்டர்."

பஞ்சாயத்தின் குப்பை வண்டியில் ஒலிபெருக்கி இருந்தது. ஜெஸ்லின் அதில் ஏறிக்கொண்டாள். பாட்டை நிறுத்திவிட்டு அவளே பேசினாள். "ரோஸ் கலர் காய்ச்சல் மருந்த யாரும் குடிக்காதீங்க. வீட்டுல இருந்தா இப்பவே கொண்டு வாங்க. பிள்ளைக ஒண்ணுக்குப் போகலன்னா ஒடனே எங்கிட்ட வாங்க."

தெருத் தெருவாகப் போனார்கள். பெண்கள் குப்பிகளைக் கொண்டு வந்து சாக்கில் போட்டார்கள். சிலர் கேள்வி கேட்டார்கள், சிலர் மிரண்டு போய் அழுதார்கள். பெட்டிக்கடைக்காரர் ஒருவர் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று சாதித்தார். கல்லாவுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் இருந்தது. "காசு குடுத்து வாங்குனதும்மா, சும்மா தூக்கிட்டுப் போனா எப்படி?" என்றார். வேல்விழி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பெட்டியை விட்டுவிட்டார்.

கடைசித் தெருவில் பொன்னுத்தங்கம் என்ற பெண் குப்பியோடு வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அதைச் சாக்கில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இத எதுக்குக்கா வாங்குறீக?"

ஜெஸ்லின் வேல்விழியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பொன்னு, இது கெட்ட மருந்து. ஒம் மகனுக்கு இதக் குடுத்தியா?"

"ஆமா. பாண்டி அக்காதான் குடுத்துச்சு. நல்லாத்தான் குடிச்சான். இனிப்பா இருக்குன்னு இன்னும் கேட்டு வாயத் தொறப்பான்." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "அப்புறந்தான் வாந்தியெடுத்தான். மூத்தரம் வரல. மதுரைக்குக் கொண்டு போறதுக்குள்ள போய்ட்டான். காய்ச்சல் மூளைக்கு ஏறிருச்சுன்னு சொன்னாக."

"எப்பம்மா?" என்றாள் வேல்விழி.

"போன மாசம். அப்பத்தான் தவந்து போக ஆரம்பிச்சான்."

போன மாதம். போன மாதம் கூட்டுக் குழு இரண்டு வண்டிகளைப் பின்தொடர்ந்து போய்ப் படம் எடுத்திருந்தது. வேல்விழிக்கு அந்தப் படங்கள் ஞாபகம் இருந்தன. டெல்லி அதிகாரி அவற்றைத் திரையில் காட்டியபோது யாரோ கைதட்டினார்கள்.

பொன்னுத்தங்கம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையாலதான ஊத்துனேன்" என்றாள். அப்புறம் தெருவோரம் உட்கார்ந்து குமட்டினாள். எதுவும் வரவில்லை. ஜெஸ்லின் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

வேல்விழி ஆனைக்குட்டத்துக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆலை வாசலில் நீள மேசை போட்டு நீலத் துணி விரித்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்களை வரச் சொல்லியிருந்தார்கள். பழைய ஆலையில் மிச்சம் கிடந்த அலுமினியப் பவுடர் மூட்டைகளையும் திரிக் கட்டுகளையும் எங்கிருந்தோ தேடி எடுத்து முன்னால் அடுக்கியிருந்தார்கள். சிரப்புக் குப்பிகள் ஓரமாகக் கொஞ்சம். தனுஷ்கோடி பத்திரிகைக் குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "வெடிமருந்து மூலப்பொருட்கள் பறிமுதல். கூட்டுக் குழு அதிரடி" என்று தலைப்பு.

"சார், நாரணாபுரத்துல ஒரு கைக்கொளந்தை செத்திருக்கு. இதக் குடிச்சுத்தான். இன்னொரு பிள்ளை ஆஸ்பத்திரில உயிருக்குப் போராடுது."

"பிரேதப் பரிசோதனை நடந்துச்சா?"

"இல்ல சார். பொதச்சிட்டாங்க."

"அப்ப இதுல அதச் சேக்காத. லேப் ரிப்போர்ட் வரட்டும், காலேப் பாத்துப்பாரு." அவர் இன்னொரு தாளை நீட்டினார். "எதிரிங்க பேரு, யார் யார் மேல கேஸ்னு. உங்க ஸ்டேஷன்ல வழக்கு நம்பர் போட்டுரு."

முதலில் சூப்பர்வைசர். அடுத்து, போலி முகவரிக்காரன் ஒருவன், தலைமறைவு. அதற்குக் கீழே பெண்களின் பெயர்கள். பாண்டிலட்சுமி மூன்றாவது. சோலைச்சாமியின் பெயர் சாட்சிகளில் இருந்தது.

"சார், அந்தக் குரல்..."

"எந்தக் குரல்?"

"உங்களுக்குத் தெரியும் சார்."

தனுஷ்கோடி குரலைத் தாழ்த்தினார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது. "இங்க பாரு வேல்விழி. அந்த டேப்ப எடுத்தா முதல் கேள்வி நம்மளத்தான் கேப்பாங்க. நாலு ஆபீசு, ரெண்டு மாநிலம், இத்தனை பேரு தலை உருளும். நீயும் அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்த. ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம், இப்பத் தடுத்துட்டோம். அதோட விடு. போட்டோவுக்கு வந்து நில்லு. பொம்பள ஆபீசர் நின்னா நல்லாருக்கும்."

அவள் சல்யூட் அடித்தாள். அடித்துவிட்டுத் திரும்பி ஜீப்பில் ஏறினாள். ஷெட்டுக்கு வேறு இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்திவிட்டு முனியசாமியையும் சூப்பர்வைசரையும் ஏற்றிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை, வழக்கு நம்பர் போடத்தான் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

போடத்தான் போனாள். வரும் வழியில் சூப்பர்வைசர் வாயைத் திறந்துவிட்டான். தினமும் காலையில் சோலைச்சாமிக்குப் போன் போட்டுக் கணக்குச் சொல்வது தன் வேலை என்றும், கிளைகால் கேன்கள் அச்சகத்துக் குடோனிலிருந்துதான் வரும் என்றும் சொன்னான். ஸ்டேஷனில் வேல்விழி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புகாரைத் தன் பெயரிலேயே அடித்தாள். கலப்படம், மோசடி, திட்டமிட்ட குற்றம், மரணம் விளைவித்தல். முதல் எதிரி சோலைச்சாமி. பெண்கள் எல்லோரும் சாட்சிகள். ஒட்டுக்கேட்ட பதிவுகள் கூட்டுக் குழுவின் வசம் இருக்கின்றன, அவற்றில் பேசுபவர் இன்னார் என்று தான் நம்புவதாகவும் எழுதினாள். அந்தக் கூட்டத்தில் தான் இருந்ததையும் எழுதினாள்.

முனியசாமி பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும் வயது அவருக்கு.

"அம்மா, ஏத்திட்டா எறக்க முடியாது."

"தெரியும் ஏட்டையா."

அவள் பதிவேற்றினாள். நகலை எடுத்துக்கொண்டு முனியசாமி மாஜிஸ்திரேட் வீட்டுக்கு பைக்கில் போனார். போகிற வழியில் அச்சகத்துக் குடோனுக்கு இரண்டு போலீஸ்காரர்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டும் போனார்.

ஆலை வாசலில் படம் எடுத்து முடித்த கையோடு ஒரு நிருபர் தன் போனைப் பார்த்துவிட்டு, "சார், குழந்தைச் சாவுன்னு எஃப்.ஐ.ஆர். ஆகியிருக்கே, சோலைச்சாமி மேல?" என்று கேட்டாராம். தனுஷ்கோடியின் போன் அடுத்த நொடியே வேல்விழிக்கு வந்தது.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"ஸ்டேஷன் என் பொறுப்பு சார்."

"கூட்டுக் குழுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? எல்லாரும் சேந்து முடிவெடுக்கணும்."

"எல்லாரும் சேந்து இளநீர் குடிச்சத நானும் பாத்தேன் சார்."

அதற்கு அவர் சொன்ன வார்த்தையை ஒரு அதிகாரி சொல்லக்கூடாது. அவள் போனை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். காலையில் டிரம்முக்கு மேல் குனிந்தபோது தெறித்த பிசுபிசுப்பு சட்டைக் கையில் காய்ந்திருந்தது. அங்கேயே பலமாகத் துப்பினாள்.

சோலைச்சாமியைக் குற்றாலத்துக்கு அருகே ஒரு தோட்ட வீட்டில் பிடித்தார்கள். பிடித்தது கூட்டுக் குழு இல்லை, வேல்விழியின் எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்த்த மாவட்ட எஸ்.பி. வேறு வழியில்லாமல் அனுப்பிய தனிப்படை. எல்லா மாவட்டங்களுக்கும் எச்சரிக்கை போனது. வெளியூர்க் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாக மருந்து திரும்பி வந்தது. திரும்பி வராததும் இருந்தது. அதைக் குடித்தது எத்தனை பிள்ளைகள் என்று யாரும் சொல்லவில்லை.

யோகஸ்ரீ பிழைத்தாள். மதுரையில் வைத்துப் பலமுறை ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மாதம் ஒரு தடவை கூட்டிப் போக வேண்டியிருந்தது. பாண்டிலட்சுமி வேலைக்குப் போகவில்லை. போக நினைத்தாலும் கம்பெனி வேன் எதிலும் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. பொன்னுத்தங்கத்தின் மகனைப் பிரேதப் பரிசோதனைக்காகத் தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுத்தார்கள். அன்று வேல்விழி கூடவே நின்றாள். மறுபடி புதைத்து முடித்ததும் டெல்லி அமைப்பிலிருந்து ஒரு போன் வந்தது. இதை இதோடு விடாவிட்டால் அவள் மேலேயே விசாரணை வைக்க வேண்டியிருக்குமா என்று மிரட்டலாகக் கேட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மாதமே அவளை விருதுநகர் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றினார்கள். கூட்டுக் குழுவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. ஒட்டுக்கேட்ட பதிவுகளைக் கோர்ட் கேட்டபோது, குறித்த காலம் கழிந்ததால் விதிப்படி அழித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தனுஷ்கோடிக்குப் பதவி உயர்வு வந்தது.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கியது. முதல் நாள் சாட்சி சொல்ல வேல்விழியும் பொன்னுத்தங்கமும் பஸ்ஸில் சேர்ந்தே போனார்கள். கோர்ட் வளாகத்தில் ஜாமீனில் வந்திருந்த சோலைச்சாமி காரிலிருந்து இறங்கினார். மெலிந்திருந்தார். ஆனாலும் பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். டீக்கடை அருகே தனுஷ்கோடி நின்றிருந்தார், அவரும் சாட்சிக்கு வந்திருந்தார். சோலைச்சாமியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சோலைச்சாமியின் வக்கீல் அவருக்கு டீ சொன்னார்.

"இவராக்கா?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"ஆமா."

அவள் நேராக நடந்து சோலைச்சாமிக்கு எதிரே போய் நின்றாள். ஏதோ உதவி கேட்டு வந்த பெண் என்று நினைத்தார் போல. "என்னம்மா வேணும்?" என்றார்.

"ஒங்க மருந்தத்தான் எம் புள்ளைக்கு ஊத்துனேன்."

அவர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் கண்ணைக் காட்ட, ஒரு ஆள் நடுவில் வந்து நின்று, "ஏத்தா, தள்ளிப் போ, இங்கன நிக்கக் கூடாது" என்றான். பொன்னுத்தங்கம் தள்ளிப் போகவில்லை. அந்த ஆளின் தோளுக்கு மேலாக எட்டி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை, அழவில்லை. சோலைச்சாமி சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினார். டீக் கிளாஸோடு நின்ற தனுஷ்கோடி முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

டவாலி வாசலுக்கு வந்து வேல்விழியின் பெயரைக் கூப்பிட்டான். வேல்விழி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வா, வராந்தாவுல உக்காரு, நான் சாட்சி சொல்லிட்டு வாரேன். அடுத்தது நீ" என்றாள். இரண்டு பேரும் படியேறினார்கள்.